பழசு முன்னால், புதுசு பின்னால்

சாப்பாட்டு மேசைச் சண்டையோடு சென்ற வாரம் விடைபெற்றோம். "இந்த மாசத்தோட வேலையை விட்டுடு" என்று கணவன் சொன்னான். மனைவி எழுந்து போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினாள். கடைசியில் மாமியார்தான் குறுக்கே புகுந்து, "அவ போகட்டும்டா, வீட்டை நான் பாத்துக்கறேன்" என்று மகனின் வாயை அடைத்தாள். அந்த ஒரு வார்த்தையின் பலத்தில்தான் இன்று காலை நம் டிஸ்ப்ளே வேலைக்குக் கிளம்பியிருக்கிறாள்.

டிஸ்ப்ளே என்பது மாமனார் வைத்த பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் சமையலறை டப்பாக்களை எல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒட்டியிருந்த சீட்டு வெளியே தெரியும்படி அவள் திருப்பி வைத்தாள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் அதைப் பார்த்துவிட்டு, விலைச் சீட்டு மட்டும்தான் பாக்கி என்றார். அன்றிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டிஸ்ப்ளே, டீ" என்பார். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அவள் பார்க்கும் வேலைக்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர். அழகு நிலையம் நடத்தும் நாத்தனார் இதைத் தன் வாடிக்கையாளர்களிடம், "கடை கடையா போய் பிஸ்கட் அடுக்குறா" என்று இரண்டு விநாடியில் சொல்லி முடித்துவிடுவாள். அது பொய்யில்லை. ஆனால் அலமாரியில் நம் கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டு யாருக்கு என்பதில் கம்பெனிகளுக்குள் நடக்கும் இழுபறி நாத்தனாருக்குத் தெரியாது. எதிர்க் கம்பெனிக்காரி ஒருத்தி தினமும் இரண்டு விரல் அகலத்துக்கு நம் வரிசையை நகர்த்திவிட்டுப் போவாள். டிஸ்ப்ளே தினமும் அதை மீட்பாள். நேரில் பார்த்தால் இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

இன்று சாதாரண நாள் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மேடம் ஒருவர் சூப்பர் மார்க்கெட்டுக்கு நேரில் வருகிறார். வரிசை நன்றாக இருந்தால் டிஸ்ப்ளே சூபர்வைசர். ஏஜென்சி வழியாக வரும் தற்காலிக வேலை போய், கம்பெனியின் நிரந்தர ஆளாகிவிடுவாள். அப்புறம் வேலையை விடு என்று சொல்லக் கணவனும் கொஞ்சம் யோசிப்பான். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் கடை திறப்பதற்கு முன்பே வந்து அலமாரி முன் உட்கார்ந்திருந்தாள்.

ஏரியா மேனேஜர் அவளை விடப் பதற்றமாக இருந்தார். இருமல் மிட்டாயை வாயில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசலுக்கும் அலமாரிக்கும் நடந்துகொண்டிருந்தார். தட்டைத் துடைத்தாயா, விலைச் சீட்டு நேராக இருக்கிறதா, பழைய சரக்கு முன்னால் வந்துவிட்டதா என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

பழைய சரக்கு முன்னால் வருவதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். புதுப் பெட்டி வந்தால் அப்படியே முன்னால் அடுக்கிவிடக்கூடாது. இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து, தட்டைத் துடைத்து, புதுசைப் பின்னால் தள்ளி, தேதி சீக்கிரம் முடிகிறதை முன்னால் வைக்க வேண்டும். வாங்க வருபவர்கள் எதையும் படிப்பதில்லை. கைக்கு எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பழசு பின்னாலேயே கிடந்தால் கெட்டு வீணாகும்.

பல வருஷமாக இதைச் செய்து செய்து டிஸ்ப்ளேயின் கண்ணும் மாறிப்போயிருந்தது. எந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலும் பெயர், எடை, விலை எல்லாவற்றையும் தாண்டி நேராகத் தேதியில் போய் நிற்கும். மீதியைக் கை பார்த்துக்கொள்ளும்.

ஃபோன் அலறியபோது அவள் இரண்டு கையிலும் பாக்கெட்டுகள் இருந்தன. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அடித்ததும் பாக்கெட்டுகளை ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். கணவன் வேலை நேரத்தில் இப்படி விடாமல் கூப்பிடுகிற ஆள் இல்லை.

மாமனார் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது மயங்கி விழுந்துவிட்டார். கதவு நிலையில் தலை இடித்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். பிரஷர் பாதாளத்துக்குப் போயிருக்கிறதாம். கணவன் இதை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னான். உடனே வருகிறேன் என்று அவள் எழுந்துவிட்டாள்.

"டாக்டர் பிரஷர் மாத்திரையைக் காட்டச் சொன்னாரு. பாத்தா பழசு. போன மாசம் பவரை பாதியா குறைச்சாங்களே, அம்மா குறைக்காத பழைய மாத்திரையையே குடுத்துட்டு இருந்திருக்காங்க. அப்பா தாங்குவாரா? அம்மாவுக்குக் கண்ணு சுத்தமா போச்சு. நான் எதைன்னு பாக்கறது, சொல்லு."

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். முன் வரிசைக்குக் கொண்டுவந்த பழைய பாக்கெட்டுகள் அப்படியே இருந்தன.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அவள் சமையலறை அலமாரியைச் சுத்தம் செய்திருந்தாள். மேல்தட்டில் மாமனாரின் மருந்துத் தட்டு. அதில் ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே நீலக்கோடு போட்ட இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று முன்னால், ஒன்று சுவரோரம். எடுத்துப் பார்த்தாள். சுவரோரம் இருந்ததில் தேதி சீக்கிரம் முடிகிறது. அதை முன்னால் வைத்தாள், முன்னால் இருந்ததைப் பின்னால் தள்ளினாள், இரண்டையும் பெயர் தெரியும்படி திருப்பினாள். மூலையில் பொடி எழுத்தில் இருந்த பவர் வேறு வேறு என்பதை அவள் கண் பார்க்கவே இல்லை.

பழைய மாத்திரையை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் மாமியார் பின்னால் ஒதுக்கி வைத்திருந்தாள். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து பொடி எழுத்தை அவள் நம்புவதில்லை. இடத்தைத்தான் நம்புவாள். முன்னால் இருப்பது புதுசு, பின்னால் இருப்பது வேண்டாதது. இவ்வளவு தெளிவாக வைத்திருந்தவளின் ஏற்பாட்டை மருமகள் ஒரே நிமிஷத்தில் தலைகீழாக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அதுவும் மாமனாருக்காக மட்டும் வந்த பயம் என்று சொன்னால், இத்தனை வாரமாக இந்தக் குடும்பத்தோடு பழகிய நீங்கள் நம்பமாட்டீர்கள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை ஏரியா மேனேஜர் மறித்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் இரங்கியது. ஆனால் மேடத்தின் கார் கீழே வந்து நின்றுவிட்டதாம். "அஞ்சே நிமிஷம்மா. ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டு ஓடிடு. உனக்காகத்தான் சொல்றேன்" என்றார்.

உதறிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் மாமியாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த அஞ்சு நிமிஷத்தை யாராவது கடனாகக் கொடுத்தால் தேவலை என்றுதான் அவளுக்கும் இருந்தது.

பெரிய மேடம் விவரமானவர். வரிசையின் அழகைப் பார்த்து மயங்கவில்லை. முழங்கை வரை கையை அலமாரிக்குள் விட்டு, ஆகக் கடைசியில் இருந்த பாக்கெட்டை இழுத்துத் தேதி பார்த்தார். அப்புறம் முன்னால் இருந்ததைப் பார்த்தார். இன்னும் இரண்டு தட்டில் அதேபோல் செய்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றுகூட இடம் மாறாமல் எப்படி வைக்கிறாய் என்று கேட்டார்.

"பழக்கம் மேடம். கையே பண்ணிடும்."

"இதுதான் வேணும். யோசிக்க ஆரம்பிச்சாதான் தப்பு வரும்" என்று மேடம் மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். நாளைக் காலையில் அவள் அலுவலகத்துக்கு வந்து சூபர்வைசர் வேலைக்கான உத்தரவை வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஏரியா மேனேஜருக்கு வாயெல்லாம் பல். டிஸ்ப்ளே நன்றி சொன்னாள். எத்தனையோ மாதமாகக் காத்திருந்த வார்த்தை, காதில் விழுந்ததோடு சரி. பாராட்டு வாங்கிய அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் போகும்போது உடனே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். போக்குவரத்து விளக்கில் நின்றபோது, முதலில் மாமனார் கண் திறக்கட்டும் என்று முடிவு செய்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது எந்த முடிவும் இல்லை.

அவசரப் பிரிவுக்கு வெளியே நீளமான பெஞ்சு. கணவன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். நாத்தனார் பார்லரிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். சட்டைக் கையில் தலைச்சாயம் காயாமல் இருந்தது. மாமனாருக்குப் பிரஷர் ஏறிக்கொண்டிருக்கிறது, ஆனால் தலையில் அடிபட்டதால் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், ரிசல்ட் வந்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று கணவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இடையில் ஒரு தடவை கண் திறந்து, லிஃப்ட் கதவைச் சாத்தினீர்களா என்று கேட்டாராம். யாரோ ஒரு நர்ஸ், சாத்திவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் மறுபடி கண்ணை மூடினாராம்.

மாமியார் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மருந்துப் பை. வீட்டுப் புடவையோடு வந்திருந்தாள், காலில் செருப்புகூட இல்லை. மருமகளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"எதிர்ல அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு, படி" என்றாள்.

பணம் கட்டுமிடம், வலது பக்கம் திரும்பவும் என்று எழுதியிருந்தது. டிஸ்ப்ளே படித்தாள்.

"நானும் அப்படித்தான் படிச்சேன். ஒரு கண்ணை மூடிட்டுப் படிச்சேன், மறு கண்ணை மூடிட்டுப் படிச்சேன். சரியாத்தான் வருது." மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்ப கண்ணு இல்லம்மா. புத்திதான். புதுசை முன்னால வச்சேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வைக்கவே இல்லை பாரு. வைக்காததை வச்சதா நினைச்சிட்டு இருந்திருக்கேன். இப்படித்தான் ஆரம்பிக்குமா?"

டிஸ்ப்ளே வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் நாத்தனார் எதிரே வந்து நின்றுவிட்டாள்.

நாத்தனார் கெட்டவள் இல்லை. அவளுக்கு எதையும் உடனே முடிவு கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அப்பாவை இங்கிருந்து நேராகத் தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாள். பார்லருக்குப் பின்னால் அறை காலியாக இருக்கிறது, ஒரு கட்டில் போட்டால் போதும், மாத்திரையைத் தன் கையாலேயே கொடுப்பாள். அம்மா தம்பி வீட்டிலேயே இருக்கட்டும். அம்மாவும் வந்தால் பழைய பழக்கத்தில் மருந்துத் தட்டைத் தொடத்தான் செய்வாள். வேண்டுமானால் வாரத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். கணவன் தலையாட்டினான். அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை.

மாமியார் மருந்துப் பையின் காதை விரலில் சுற்றினாள், பிரித்தாள். கல்யாணமான நாள் முதல் அந்த மனிதரை விட்டு அவள் தனியாக இருந்ததே இல்லை. அவர் லிஃப்ட் சரி செய்ய வெளியூர் போனால்கூட டிபன் டப்பாவோடு கூடவே போன கதையை அவளே சொல்லியிருக்கிறாள். இப்போது, "அவர் நல்லா இருந்தா போதும். நான் வேணாம், என் கை வேணாம்" என்றாள்.

இப்போதும் டிஸ்ப்ளே சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கோபப்படாதீர்கள். அவளும் தன்னைத் தானே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சொன்னால் கணவன் என்ன சொல்வான் என்பது அவளுக்கு மனப்பாடம். வேலை, வேலை, வீட்டையும் கடையாக்கி அப்பாவைப் படுக்க வைத்துவிட்டாய் என்பான். நாளைக் காலையில் அவள் எங்கேயும் போக முடியாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அலமாரியைத் தொட்டதைப் பார்த்தவர்கள் இல்லை. மாமியாரே தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டாயிற்று. இதை எல்லாம் நினைத்துப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

மதியம் தாண்டிவிட்டது. கணவன் வாங்கி வந்த டீ ஆறி ஆடை கட்டியது. நாத்தனார் ஃபோனில் யாரிடமோ, "அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லை, ஒரு நல்ல டாக்டரா பாத்து சொல்லுங்க" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் அதைக் கேட்டும் கேட்காதவள்போல, உதட்டை அசைத்து ஏதோ முணுமுணுத்தாள். காது கொடுத்துக் கேட்டால், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள்கள். வரிசையாகச் சொல்லி, எல்லாம் சரியாக வருகிறதா என்று சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் டிஸ்ப்ளேயால் முடியவில்லை.

"அத்தை தப்பு பண்ணல" என்றாள். குரல் எதிர்பார்த்ததை விடச் சத்தமாக வந்தது. "நான்தான் பண்ணேன்."

கணவன் சலித்துக்கொண்டான். அம்மாவுக்குப் பரிந்துகொண்டு இவள் தியாகம் செய்கிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. இந்த நேரத்தில் நீ வேறு நடுவில் வராதே என்றான். அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அலமாரி துடைத்ததையும், இரண்டு பெட்டியையும் இடம் மாற்றி வைத்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "தேதியைத்தாங்க பாத்தேன். பவரைப் பாக்கல. கடையில பண்ற மாதிரியே பழசை முன்னால வச்சிட்டேன். அத்தை புதுசைத்தான் முன்னால வச்சிருந்தாங்க. அவங்க ஞாபகம் சரிதான்."

மாமியார் மெதுவாக அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லத்தை."

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மருமகளின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தக்கூடச் செய்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தவளுக்கு அந்த அழுத்தம் போதுமானதாக இருந்தது. சொல்லிவிட்டோம், முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

நாத்தனார் ஃபோனை அணைத்துவிட்டு வந்தாள். கோபப்படவில்லை. பார்லரில் ஒரு விவரம் விசாரிப்பதுபோல நிதானமாகக் கேட்டாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. மாமியார் இன்னும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காலைலயே தெரியும் அண்ணி. இவர் ஃபோன் பண்ணப்பவே."

கணவன் சுவரை விட்டு நிமிர்ந்தான். காலையிலிருந்து அம்மாவைப் பார்த்து அவன் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றும் இப்போது அவனுக்கே திரும்ப வந்திருக்க வேண்டும். அம்மாவைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"ஃபோன் வந்தப்பவேவா?" என்று மாமியார் கேட்டாள். கேட்டுவிட்டு, எதிர்ச் சுவரில் இருந்த போர்டைப் பார்த்தாள். "நான் படிச்சுக் காட்டினேனே. அப்பவுமா?"

டிஸ்ப்ளே தலையை மட்டும் ஆட்டினாள்.

மாமியார் கையை விட்டாள். உதறவில்லை. எடுத்த பொருளை வேண்டாம் என்று திரும்ப வைப்பதுபோல, அந்தக் கையை மருமகளின் மடியிலேயே வைத்துவிட்டாள். மாத்திரையை மாற்றி வைத்ததற்காக அவள் கோபித்துக்கொள்ளவில்லை என்பது டிஸ்ப்ளேக்கு நன்றாகப் புரிந்தது. இனி எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டாலும் அது காலையிலிருந்து மதியம் வரை போன நேரத்தைத் தொடப்போவதில்லை என்பதும் புரிந்தது.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ரூம்ல இன்னொரு கட்டில் போட இடம் இருக்குமா?"

இருக்கும் என்றாள் நாத்தனார்.

வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மகனிடம் மல்லுக்கு நின்றவள், மருந்துப் பையை மகளின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். அதே சமயம் அவசரப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்து, ஸ்கேன் ரிசல்ட் வந்துவிட்டது, டாக்டர் வீட்டுக்காரர்களைக் கூப்பிடுகிறார் என்றாள். மாமியார் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கணவன் ஜன்னலிலிருந்து வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டான். மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

டிஸ்ப்ளே எழுந்து நாலு அடி வைப்பதற்குள் நர்ஸ் கதவைச் சாத்தப் போனாள். இவளைப் பார்த்துவிட்டுக் கதவைப் பாதியில் பிடித்துக்கொண்டு, "நீங்களும் அந்த வீடா?" என்று கேட்டாள்.

உள்ளே மூன்று முதுகுகள் தெரிந்தன. யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்து ஆமாம் என்று சொல்வார்கள் என்று அவள் காத்து நின்றாள்.